மறுகா பாப்பம்

அறுகம்பேயில் முச்சக்கர வண்டி ஓட்ட இலக்கணம் தேவையில்லை.
பலகையைக் கூரையில் இறுக்கிக் கட்டத் தெரியவேண்டும்.
அலை எங்கே நல்லது என்று கேட்டால்
கேள்வி முடியுமுன் கியர் போடவேண்டும்.

என்னிடம் ஒரு கொப்பி உண்டு.
முன்பக்கம் பெற்றோல் கணக்கு.
பின்பக்கமிருந்து, ஓதுகிற கிதாபைப் போலப் புரட்டினால்,
அவர்களுடைய பேச்சு.

சிக் என்றால் காய்ச்சல் இல்லை.
ஒருத்தி கடலைப் பார்த்து ‘சோ சிக்’ என்றாள்,
நான் வண்டியைப் பொத்துவில் ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டேன்.
ஐயம் டெட் என்றால் ஜனாஸா இல்லை,
கொத்து ரொட்டிக் கடை எங்கே என்று அர்த்தம்.
கில் இற் என்று கத்துவார்கள்,
ஒருவரும் சாகமாட்டார்கள்.
இந்த றோட்டில் அந்தச் சொல்லை
அவ்வளவு சத்தமாகச் சொல்ல
எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அலை ஆளைத் தூக்கியடித்தால் வைப் அவுட்.
அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்லவேண்டும்.
கொப்பியில் எழுதும்போது நுஸைபா எட்டிப் பார்த்து
‘அதுக்குத் தமிழ் என்ன?’ என்றாள்.
அவளுடைய ராத்தாவின் வீடு நின்ற இடத்தில்
இப்போது பலகை வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.
‘விழுறது’ என்றேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.

லொக்கி வந்தது ஜூலையில்.
மூக்குத் தோல் உரிந்த ஒஸ்ரேலியாக்காரன்.
பாணமைக்கு, ஒக்கந்தைக்கு, விஸ்கி பொயின்ற்றுக்கு,
பதினேழு நாள் என் வண்டி அவனுடையது.
உன் காலை இழுக்கிறேன் என்பான்,
அவன் கை இரண்டும் என் வண்டிக் கம்பியில் இருக்கும்.
நாங்கள் அதுக்குக் காது குத்துறது எண்டு சொல்லுவம் என்றேன்.
தன் காதைத் தடவிப் பார்த்தான்.
ஏற்கெனவே மூன்று ஓட்டை.

காசு கேட்டேன்,
மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு.
ஐயம் குட் ஃபோ இற், மேற்.
வீட்டுக்குப் போய் எழுதினேன்:
அதுக்கு நான் நல்லவன்.
மேற்: கூட்டாளி.
சீ யூ லேற்றர்: மறுகா பாப்பம்.

பதினெட்டாம் நாள் கபானாவில்
பலகை மெழுகு மணமும் உடைந்த துடுப்பொன்றும் கிடந்தன.
விடியற்காலை மொனராகலை பஸ் என்றார்கள்.
முப்பத்தி நாலாயிரத்தி அறுநூறு.
‘கம்பி நீட்டிட்டான்’ என்றான் கபானா றஸீன்.
கோபம் வருவதற்கு முன்னால் ஒரு யோசனை வந்தது.
என்ன கம்பி? எங்கே நீட்டினான்?
லொக்கி கேட்டிருந்தால்
எப்படி விளங்கப்படுத்தியிருப்பேன்?

பிறகு ஏறிய ஒல்லாந்துப் பெண் கொப்பியை வாங்கிப் பார்த்தாள்.
குட் என்றது ஆளை இல்லையாம்,
கடனையாம்.
காசு வந்து சேரும், அவ்வளவுதானாம்.
லேற்றர் என்பதற்கு மணிக்கூடு கிடையாதாம்.
எனக்காகக் கொஞ்சம் மனவருத்தப்பட்டுவிட்டு
வாடகையில் இருநூறு குறைக்கச் சொன்னாள்.

திரும்பும் வழியில் தாஜுதீனின் கராஜ்.
ரயர் மாற்றிய காசு ஏப்ரலில் இருந்து நிலுவை.
வேகமாகக் கடக்கப் பார்த்தேன்,
மாடு குறுக்கே நின்றது.
அவன் ஸ்பானரோடு எழும்பி வந்தான்.

‘வெள்ளிக்கிழமை, இன்ஷா அல்லாஹ்’ என்றேன்.
படைத்தவன் பெயரை
நான் எதற்கெல்லாம் பிணைக்கு நிறுத்துகிறேன் என்று
அந்த நேரம்தான் காதில் விழுந்தது.
கொப்பி மடியில் திறந்திருந்தது,
பின்பக்கம் மேலே.

தாஜுதீனுக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது.
கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டான்:
‘எந்த வெள்ளி?’